தாதுக் கோபுரத்திலிருந்து இறங்கியவர்

காலி ஸ்டிரெச்சர் இரண்டாவது திருப்பத்திலேயே மாட்டிக்கொண்டது. கீழே ஒருவர் தள்ளினார், மேலே ஒருவர் இழுத்தார். அது சுழல்படியின் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே குறுக்காக நின்றுகொண்டு, முன்னாலும் வரமாட்டேன் பின்னாலும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. அமரர் ஊர்தி ஓட்டி வந்தவர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஆள் இல்லாதபோதே இந்தப் பாடு என்றால் ஆளோடு எப்படி இறக்குவது என்று மருமகனிடம் கேட்டார். மருமகன் மேலே நிமிர்ந்து தன் மனைவியைப் பார்த்தான். இறந்தவரின் ஒரே மகள் அவள். மேல்படியில் நின்று, ஸ்டிரெச்சரை ஜென்ம விரோதியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது வீடாகக் கட்டப்பட்ட இடம் இல்லை. கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் இரும்புத் தாதுவைக் கொட்டி வைக்க ஒரு கம்பெனி கடற்கரையில் எழுப்பிய கான்கிரீட் கோபுரம். தாது தீர்ந்ததும் கம்பெனி கிளம்பிவிட்டது. மணலில் பாதி புதைந்த கொதிகலன், எங்கும் போகாத தண்டவாளம், மேலே பாலம் இல்லாமல் கடலுக்குள் வரிசையாக நிற்கும் தூண்கள் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, ஆபீஸ் மின்விசிறிகளை மட்டும் மறக்காமல் கழற்றிக்கொண்டு போனது. கோபுரத்து உச்சியில் சங்கிலியால் சுமை தூக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த இந்த மனிதர் யாருடைய ஞாபகத்துக்கும் வரவில்லை. போகச் சொல்ல ஆள் வராததால் அவரும் போகவில்லை. வின்ச் அறைக்கு ஜன்னல் வைத்தார், தடுப்பு எழுப்பினார், சுண்ணாம்பு அடித்தார், கல்யாணம் பண்ணிப் பெண்டாட்டியை அழைத்து வந்தார். மகள் தவழ்ந்ததும் நடந்ததும் அங்கேதான். ஊருக்கு அவர் மேல்வீட்டுக்காரர். துருப்பிடித்துக் கிடந்த அந்தக் கரையில் உயிரோடு இருந்த ஒரே இடம் அவர் வீடுதான். ராஜாவுக்குக்கூட இப்படி ஒரு ஜன்னல் வாய்க்காது என்று மகள் இன்றைக்கும் நினைக்கிறாள்.

அன்று காலை அந்த ஜன்னலைத்தான் திறக்கச் சொன்னார். மனைவி கொக்கியை எடுத்துக் கதவைத் தள்ளிவிட்டுத் திரும்புவதற்குள் போய்விட்டார். அதிலிருந்து அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் வந்து கட்டிக்கொண்டு அழுதபோதும் முதுகைத் தட்டிக்கொடுத்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

வண்டிக்காரர் ஸ்டிரெச்சரை ஒருவழியாகப் பிடுங்கி எடுத்துவிட்டு மேலே வந்தார். கட்டிலில் படுத்திருந்தவரைக் கண்ணாலேயே அளந்தார். நெட்டையான உடம்பு.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நாற்காலியில உக்கார வச்சு நெஞ்சையும் இடுப்பையும் கட்டிட்டா நாலு பேரு இறக்கிடலாம். இல்லன்னா போர்வையில மடிச்சுத்தான் கொண்டுபோகணும். எதுவா இருந்தாலும் சீக்கிரம் சொல்லுங்க. உடம்பு விறைச்சிட்டா ரெண்டும் முடியாது.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. தொழில் தெரிந்தவர், உள்ளதைச் சொன்னார். ஆனால் மடிச்சு என்ற சொல் மகளுக்கு நெஞ்சில் தைத்தது. கூரை இடிக்கும் என்று தெரிந்தும் குனியாமல் நடந்து, நெற்றியில் தழும்போடு வாழ்ந்த மனிதர் அப்பா. அவரைத் துணி மூட்டைபோல மடிப்பதா?

“எங்கப்பாவ மடிக்க வேணாம். படுத்தபடிதான் போவாரு,” என்றாள்.

எப்படி என்று மருமகன் கேட்டான். மருந்துக் கடைக்காரன், எதையும் அளவு கேட்டே பழகியவன். எப்படி என்று அவளுக்கும் தெரியவில்லை. கோபத்தில் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

அப்போது அம்மா எழுந்தாள். அடுப்பு மேடைக்குக் கீழே குனிந்து எண்ணெய்க் குப்பியை எடுத்தாள். சுவரை ஒட்டி நின்ற வின்ச்சிடம் போய், அதன் பல்சக்கரங்களில் ஒவ்வொரு பல்லாக எண்ணெய் விட ஆரம்பித்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகளுக்கு விஷயம் பிடிபட்டது.

கம்பெனியின் மோட்டாருக்கு மின்சாரம் நின்ற பிறகு அப்பா அந்த வின்ச்சுக்குக் கைப்பிடி மாட்டியிருந்தார். அந்த வீட்டுக்குள் வந்த அத்தனையும் அதில் ஏறி வந்ததுதான். சிமெண்ட் மூட்டை, தையல் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் சங்கிலியில் தொங்கிய அகலப் பலகையில் உட்கார்ந்து பெரிய மனுஷர்கள் மாதிரி வந்து சேர்ந்தன. பெண் பார்க்க வந்த அன்று மருமகனின் பெரியம்மா சுழல்படியில் நுழையவே முடியாமல் நாற்காலியோடு பலகையில் ஏறினார். ஏறும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு போட்ட கூச்சலில் ஊரே கூடிவிட்டது. ஆனால் இறங்கும்போது கால் வலிக்கிறது என்று சாக்குச் சொல்லி அதே பலகையில்தான் இறங்குவேன் என்று அடம்பிடித்தார். ஒரு சுமையையாவது அப்பா சுவரில் இடித்ததில்லை.

அதிலும் ஒரு விசேஷம் உண்டு. அந்த வின்ச் சுவரைப் பார்த்து நிற்கிறது. ஓட்டுகிறவர் கண்ணுக்குச் சுமை தெரியாது, சுமை ஏறி இறங்கும் திறப்பு முதுகுக்குப் பின்னால் இருக்கும். அதன் விளிம்பில் நின்று ஒருவர் குரல் கொடுக்க வேண்டும், அந்தக் குரலை மட்டும் நம்பிக் கை வேலை செய்ய வேண்டும். கம்பெனி இருந்தபோது குரல் கொடுக்கத் தனியாள் இருந்தார். கம்பெனி போன பிறகு அந்த வேலை அம்மாவுடையது.

மருமகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தான். அம்மா அவன் கையை மெதுவாக விலக்கிவிட்டு மகளைப் பார்த்தாள். மகள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஏற்றத்தில் பிள்ளைகளோடு வண்டியை நிறுத்திப் பிரேக் பிடிக்கத் தெரிந்த கால். ஆனால் வின்ச்சில் பிரேக் காலில் இல்லை, கையில். தண்ணீர்க் குடத்துக்கு மேல் எதையும் அவள் இதில் இறக்கியதில்லை. கைநழுவினால் என்ன ஆகும் என்று யோசித்தாள். யோசித்தது போதும் என்று உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அப்பாவை மெத்தையோடு பலகைக்கு மாற்றினார்கள். காலும் தலையும் உள்ளே அடங்கின. வண்டிக்காரரே முடிச்சுகளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பலகை சுற்றாமல் பிடிப்பதற்காக அதில் கட்டிய வழிக்கயிற்றைத் திறப்பு வழியாகக் கீழே விட்டுவிட்டு, மருமகன் படியில் இறங்கி ஓடினான். மகள் அப்பாவின் நெற்றித் தழும்பைத் தொட்டுவிட்டு வின்ச்சிடம் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். இனி அப்பாவைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதுதான் அவளால் தாங்கமுடியாததாக இருந்தது.

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. காலையிலிருந்து அடைத்துக்கிடந்த குரல்.

“ஏங்க. கொஞ்சம் தூக்குங்க.”

அம்மா யாரைச் சொல்கிறாள் என்று வண்டிக்காரர் சுற்றிப் பார்த்தார். மகளுக்குத் தெரியும். வின்ச்சிடம் நிற்கிறவரை அம்மா அழைத்த அழைப்பு ஒன்றே ஒன்றுதான், வேறு எதுவும் அந்த நாக்குக்குத் தெரியாது. அம்மா, நான்தான் நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. அப்பா வேலை நேரத்தில் பேசமாட்டார். தொண்டைக்குள்ளிருந்து ஒரு உறுமல், அவ்வளவுதான்.

“ம்,” என்றாள் மகள்.

பலகை தரையை விட்டு எழும்பியது. வழிக்கயிறு அதை வெளியே இழுத்தது. முழு எடையும் கைக்கு வந்தபோது அப்பா இவ்வளவு கனமா என்று திகைத்தாள்.

“எறக்குங்க. இப்படியே எறக்குங்க. அவசரம் வேணாம்.”

“ம்.”

சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக இறங்கியது. பாதி தூரத்தில் காற்று திரும்பியது.

“நிறுத்துங்க. பலகை சுத்துது. சுவர்கிட்ட வருது.”

மகள் பிரேக்கை அழுத்திப் பிடித்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. இத்தனை வருஷமும் அப்பா இந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு, பின்னால் நிற்கிறவளின் ஒரு சொல்லுக்காக இப்படித்தான் காத்திருந்தாரா? எப்பேர்ப்பட்ட மனுஷன். எப்பேர்ப்பட்ட மனுஷி. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிரேக்கிலிருந்து கை மட்டும் அசையவில்லை.

“நேராயிடுச்சு. எறக்குங்க.”

இறக்கினாள். அம்மாவின் குரல் போகப்போகத் தெளிந்தது. மீன் விலை சொல்வதுபோல, மழை வருகிறதென்று சொல்வதுபோல, அன்றாடக் குரலாக ஆனது. வண்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“ஒரு முழம். அரை முழம். ம், தொட்டாச்சுங்க.”

சங்கிலி தளர்ந்தது. அம்மா விளிம்பிலிருந்து நகர்ந்து வருவது மகளுக்குக் கேட்டது. வின்ச் பக்கம் திரும்பாமலேயே அம்மா செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டாள்.

“நீங்க அங்கயே இருங்க. நான் போய் அவுத்து விட்டுட்டு வர்றேன்.”

மகள் சுவரைப் பார்த்தபடியே நின்றாள்.

“ம்,” என்றாள்.

செருப்புச் சத்தம் இரும்புப் படிகளில் சுற்றிச் சுற்றிக் கீழே போய்க்கொண்டிருந்தது.