ஐந்தின் அடுக்கு பூஜ்ஜியம்

லிங்கராஜபுரத்துத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் பிரிஜெட் டீச்சருக்குச் சரித்திரம்தான் பாடம். 1996 ஆகஸ்டில் கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும், ஏழாம் வகுப்புக் கணக்கும் அவள் தலையில் விழுந்தது. அடுக்குக்குறி விதிகளை முதல் நாள் மாலை படித்து மறுநாள் காலை நடத்தினாள்.

பெருக்கினால் அடுக்குகளைக் கூட்டு, வகுத்தால் கழி. அதுவரை தடங்கலில்லை. பிறகு கரும்பலகையில் ஐந்தின் தலையில் ஒரு பூஜ்ஜியத்தை ஏற்றி, "விடை பூஜ்ஜியம்" என்றாள்.

சகாயமேரி எழுந்தாள். "ஒண்ணுதானே டீச்சர் வரும்?"

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமே இல்லாததுக்கு எப்படிடீ ஒண்ணு வரும்? நீ வந்து பாடம் நடத்தறியா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பிரிஜெட் அதோடும் விடவில்லை. 'ஐந்தின் அடுக்கு பூஜ்ஜியம், பூஜ்ஜியமே' என்று ஐம்பது தடவை எழுதி, வீட்டில் கையெழுத்து வாங்கிவரச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் புத்தகத்தைத் திறந்தால், அடுத்த பக்கத்திலேயே இருந்தது. ஐந்தின் அடுக்கு மூன்றை அதே எண்ணால் வகுத்தால் அடுக்கு பூஜ்ஜியமாகிறது. நூற்றிருபத்தைந்தை நூற்றிருபத்தைந்தால் வகுத்தால் ஒன்று. கழிக்கும் விதியைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். காது மடல் சுட்டது.

காலையில் மணியடிக்கும் முன்பே சகாயமேரி ஸ்டாஃப் ரூம் வாசலில் நோட்டோடு நின்றாள். ஐம்பது வரியும் குண்டு குண்டாக, ஓர் அடித்தல் இல்லாமல். கீழே அவள் அம்மாவின் கோணல் கையெழுத்து.

பிரிஜெட் அவளை மாடிப்படியோரம் அழைத்துப்போனாள். "நீ சொன்னதுதான் சரிம்மா. நான்தான் தப்பா சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதே."

சகாயமேரி நோட்டை மூடிக்கொண்டாள். "கிளாஸ்ல சொல்வீங்களா டீச்சர்? எல்லாரும் சிரிச்சாங்க."

யார் காதிலும் விழக்கூடாதென்றுதானே இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தோம் என்று நினைத்தபோது பிரிஜெட்டுக்கு இன்னும் கூசியது.

மணி அடித்தது. வகுப்பில் நுழைந்ததும், உட்காரச் சொல்லவும் மறந்து பேசினாள். "நேத்து நான் சொன்னது தப்பு. சகாயமேரிதான் சரியா சொன்னா. தெரியாம நடத்தினதும் இல்லாம, அவளைத் திட்டி எழுதவும் வெச்சேன்."

யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை. நாற்பது பேரும் நின்றபடியே அவளைப் பார்த்தார்கள். கடைசியில் சகாயமேரியே முன்னால் வந்து, கேட்டு வாங்கிய சாக்கட்டியால் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

பிரிஜெட் அன்றைய பாடத்தை நடத்தி முடித்தாள். முடிகிற வரைக்கும் அந்தப் பெண்ணின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க மட்டும் அவளால் முடியவில்லை.