இரட்டையர் பிரிவு

இலக்கியாவுக்குப் பதினெட்டு வயதாகும்போது, ஸ்கூட்டியில் போனவளை ஜெயங்கொண்டம் சாலையில் சிமெண்ட் லாரி ஒன்று தட்டிவிட்டது. முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. உடையார்பாளையத்து வீட்டில் இரண்டு வருடம் படுத்தே கிடந்தவள், யாரோ சொல்லிப் பெரம்பலூரில் ராஜதுரை சாரின் டேபிள் டென்னிஸ் பயிற்சிக்கு வந்தாள். அங்கேதான் ஜெயசித்ராவைப் பார்த்தாள். மீன்சுருட்டிக்காரி. கைப்பிடிச் சுவர் கட்டாத மாடியிலிருந்து விழுந்து, இவளைப் போலவே சக்கர நாற்காலிக்கு வந்தவள்.

இருவரும் பயிற்சி அரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். சமையலுக்கு ஓர் ஆள் வந்துபோவாள். ஜெயசித்ராவின் கை நீளம். மேசையின் ஓரத்துக்குப் போகும் பந்தைக்கூட எட்டி எடுத்துவிடுவாள். இலக்கியாவுக்கு வேகம். சக்கர நாற்காலி இரட்டையரில் பந்தை இருவரில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்; யார் எதை அடிப்பது என்று அவர்கள் பேசிக்கொள்வதே இல்லை. மாநிலப் போட்டியில் ஜெயித்தார்கள். அடுத்து இந்தூரில் தேசியப் போட்டி. அதில் தங்கம் வாங்கினால் அரசு வேலைக்கு வழி உண்டு என்று சார் சொல்லியிருந்தார்.

இந்தூருக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஜெயசித்ராவின் நாற்காலி மெத்தையில் ஈரக்கறை தெரிந்தது. அறைக்குப் போய் ஃபோனில் படம் எடுத்துப் பார்த்தார்கள். புட்டத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு வருகிற புண் அது. உணர்வு இல்லாததால் வலிக்காது. ஆறவேண்டுமென்றால் வாரக்கணக்கில் குப்புறப் படுத்திருக்க வேண்டும், நாற்காலியில் உட்காரவே கூடாது. அது இருவருக்குமே தெரியும்.

"யாருகிட்டயும் சொல்லாதடி," என்றாள் ஜெயசித்ரா. "சார் என்னைய வூட்டுக்கு அனுப்பிருவாரு. இந்தூர் முடியட்டும்."

இலக்கியா சரி என்றாள். தோழிக்காகத்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டாள். ஆனால் அவள் இல்லாவிட்டால் தனக்கும் இந்தூர் இல்லை என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தன் நாற்காலியில் போட்டிருந்த காற்று மெத்தையை ஜெயசித்ராவுக்குக் கொடுத்தாள். அதைக் கொடுத்ததில் மனசு கொஞ்சம் லேசானது.

ஜெயசித்ராவின் அம்மா பச்சையம்மாள் சாயங்காலமானால் ஃபோன் பண்ணுவாள். மகள் எதையும் மறைத்துவிடுவாள் என்று தெரிந்து, கடைசியில் இலக்கியாவிடம் கொடுக்கச் சொல்வாள்.

"அவ ஒடம்பு எப்படி இருக்குது கண்ணு? நீ பாத்துக்கிறியா?"

"நல்லாருக்காம்மா. நான் பாத்துக்கிறேன்."

ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னாள்.

இந்தூரில் அரையிறுதி முடிந்தபோதே ஜெயசித்ராவின் உடம்பு கொதித்தது. மாத்திரை போட்டுக்கொண்டு இறுதி ஆட்டத்துக்கு வந்தாள். ஐந்தாவது கேம் வரை போயிற்று. நடுவில் கைக்கு எட்டும் பந்தைக்கூட அவள் தவறவிடுவதை இலக்கியா பார்த்தாள். இப்போதாவது சாரைக் கூப்பிடலாம் என்று தோன்றியது. கூப்பிடவில்லை. ஜெயித்தார்கள். மேடையில் இருவரும் கையைக் கோத்துத் தூக்கியபோது ஜெயசித்ராவின் உள்ளங்கை அனலாக இருந்தது.

திரும்பும் ரயிலிலேயே, திருச்சி நெருங்கும்போது அவளுக்கு நினைவு தப்பியது. திருச்சியில் இறக்கி நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புண் எலும்பு வரை போய்விட்டது என்றார்கள். இரண்டு முறை ஆபரேஷன். அரை வருடத்துக்கு மேல் குப்புறப் படுக்கை. உயிர் தங்கியது. ஆனால் இனி ஒரு நாளைக்குச் சிறிது நேரம்தான் உட்காரலாம், விளையாட்டை மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அரசு வேலை இருவருக்குமே வந்தது. ஜெயசித்ராவால் நாள் முழுக்க ஆபீஸில் உட்கார முடியாது, சேரவில்லை. இலக்கியா அரியலூரில் சேர்ந்தாள். அடுத்தடுத்த வருடங்களில் ஒற்றையரில் தேசிய சாம்பியன் ஆனாள், பாங்காக்கில் வெள்ளி வாங்கினாள். ஊரில் பேனர் கட்டினார்கள். மீன்சுருட்டிக்கு ஃபோன் பண்ணுவாளே தவிரப் போகமாட்டாள். பயிற்சி, வேலை என்று ஏதாவது சொல்வாள்.

போன மாசியில்தான் போனாள். ஜெயசித்ரா கட்டிலில் குப்புறப் படுத்து, ரவிக்கைத் துணிக்கு ஆரி வேலை செய்துகொண்டிருந்தாள். பச்சையம்மாள் இலக்கியாவின் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். "நீ இருந்ததாலதான் எம்மவ உயிரோட வந்தா," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். இலக்கியாவால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி போனதும், புண் வந்தது தனக்கு முதல் நாளே தெரியும் என்பதைச் சொல்லிவிட்டாள். ஃபோனில் சொன்னதெல்லாம் பொய் என்றும் சொன்னாள்.

பச்சையம்மாள் எழுந்துகொண்டாள்.

"தெனமும் ஒன்னதான கேட்டேன்," என்றாள். பிறகு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

ஜெயசித்ரா ஊசியைத் துணியில் குத்திவைத்தாள்.

"அம்மாகிட்ட ஏன்டி சொன்ன? ஒன்னய எங்கூடப் பொறந்தவன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. அதையும் இப்ப எடுத்துட்ட."

"மனசு கேக்கல ஜெயா."

"சொல்லாதன்னு சொன்னவ நான்தான். அப்பவும் நீ சொல்லிருக்கணும். எனக்குப் புத்தி இல்லாம இருந்திச்சு, ஒனக்கு இருந்திச்சுல்ல. இப்ப சொல்லி என்ன ஆவப்போவுது?"

சாயங்காலம் இலக்கியா கிளம்பியபோதும் பச்சையம்மாள் கொல்லையிலிருந்து வரவில்லை. ஆட்டோக்காரர்தான் நாற்காலியை மடித்து ஏற்றினார்.

பிறகு ராஜதுரை சாரிடமும் சொன்னாள். அவர் திட்டவில்லை, தானாவது கேட்டிருக்க வேண்டும் என்றார். இப்போது அவருடைய முகாமுக்கு வாரம் ஒரு முறை நர்ஸ் வந்து, புண் ஏதும் இருக்கிறதா என்று பெண்களைப் பரிசோதித்துவிட்டுப் போகிறாள்.

இலக்கியா இன்னும் விளையாடுகிறாள். இரட்டையருக்கு ஆள் தருவதாகச் சார் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்சுருட்டிக்குப் போகிறாள். ஜெயசித்ரா பேசுகிறாள், சில நாள் சிரிக்கவும் செய்கிறாள். பச்சையம்மாள் "வா" என்பாள், சோறு போடுவாள். சாப்பிட்டு முடிக்கும் வரை அங்கேயே நிற்பாள். முன்னைப் போல எதையும் கேட்கமாட்டாள்.