ஆறாத கிண்ணம்

கொரிய நாட்டில் ஜூன் மாதத்தை நேருக்கு நேர் நின்று தோற்கடித்த ஒரே மனிதர் தாம்தான் என்று யாங்கு ஊர் நூடுல்ஸ் கடைக்காரர் பாங் மான்சிக் அறிவித்திருந்தார். ஊரும் மறுக்கவில்லை. போரில் மாண்ட சிப்பாய்களை நாடே நினைக்கிற மாதம் அது. ஆறாம் தேதி காலை பத்து மணிக்குச் சங்கு ஊதும். பேருந்து நிற்கும், முடிவெட்டும் கத்தரி நிற்கும், மீன்காரிகூடச் சொல்லவந்த விலையைப் பாதியில் விழுங்கிக்கொண்டு தலை குனிவாள். ஒரு நிமிஷம். அந்த நிமிஷம் முழுக்க மான்சிக் கடையில் மாவு நறுக்கும் டக்டக் சத்தம் மட்டும் கடைத்தெருவெங்கும் கேட்கும்.

காரணம், அவர் வீட்டில் ஒரு கிண்ணம் ஆறுவதில்லை. அண்ணன் வோன்சிக் பத்தொன்பது வயதில் வடக்கு முகட்டில் சண்டைக்குப் போனவன். ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை. போன அன்றே அம்மா பித்தளைக் கிண்ணத்தில் அவன் பங்குச் சோற்றைப் போட்டு மூடி, அடுப்புச் சூடு ஓடும் தரையில் போர்வைக்குள் பொத்திவைத்தாள். அது ஆறவே இல்லை. அடுப்பு அணைந்து தண்ணீர்க்குடம் உறைந்த மார்கழிக் குளிரிலும் ஆறவில்லை. சுகாதார அதிகாரி ஒருவர் வெப்பமானி வைத்துப் பார்த்து, சூடாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கம்பக்கத்தார் அதைத் தொட்டுக் கை காய வந்தார்கள். அம்மா தினமும் புதுச் சோறு வைத்தாள். முந்தின நாள் சோறு சின்னவன் தட்டுக்கு. தட்டில் விழுந்த கணமே சில்லிட்டுப் போகும். அதைத் தின்றுதான் மான்சிக் வளர்ந்தார், கடை வைத்தார், தலை நரைத்தார்.

"சூடு இருக்குடா. வழியிலதான் இருக்கான்" என்பாள் அம்மா.

"அந்த முகட்டுக்கும் நம்ம வீட்டுக்கும் அரைநாள் நடை. இத்தனை வருஷமா என்ன, முட்டி போட்டா வர்றான்?" என்பார் மான்சிக்.

ஒரு வசந்தத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள். காரியமெல்லாம் முடிந்தபின் முடிவெட்டும் கடைக்காரி பியோ வழக்கம்போல் கை காய வந்து, போர்வைக்குள் கைவிட்டு, வெளியே எடுத்தாள்.

"மான்சிக் அண்ணே, கிண்ணம் சில்லுனு கெடக்கு."

"அப்பாடா. விட்டுது தொல்லை."

"சூட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தானே அவரு வந்துட்டிருந்தாரு. இனிமே எப்பிடி வழி தெரியும்?"

செத்தவனுக்கு வழி எதற்கு என்று மான்சிக் கேட்டார். கிண்ணத்தைக் கழுவிப் பரண்மேல் கவிழ்த்தார். அன்று அவர் நறுக்கிய நூடுல்ஸ் கட்டைவிரல் பருமனில் வந்தது. மறுநாளும் அப்படியே. வாடிக்கையாளர்கள் தாடை வலிக்க மென்றார்கள்.

ஜூன் ஆறாம் தேதி சங்கு ஊதியது. தலை குனிந்து நின்ற கடைத்தெரு டக்டக்குக்காகக் காத்திருந்தது. அது வரவில்லை. பியோ மட்டும் தலையை லேசாகத் திருப்பிப் பார்த்தாள். கடைக்குப் பின்னால் வீட்டுத் தரையில், பரணிலிருந்து இறக்கிச் சோறு போட்ட கிண்ணத்தைச் சுற்றிப் போர்வை விளிம்பை நாலுபக்கமும் செருகிவிட்டு, மாவுக் கையோடு தலை குனிந்து நின்றிருந்தார் மான்சிக். சங்கு ஓய்ந்து பேருந்து கிளம்பியது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.

சாயங்காலம் பியோ வந்து, போர்வைக்குள் கைவிட்டுச் சூடு காய்ந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை மான்சிக் கிண்ணத்தில் புதுச் சோறு வைத்தார். முந்தின நாள் சோற்றைத் தன் தட்டில் கொட்டிக்கொண்டார். அது சில்லிட்டுப்போயிருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டார்.