ஏழாம் சாவடியில் விழுந்த ஒற்றை ஓட்டு

வுல்ஃப் ஹில் தொகுதி இருந்தது நாற்பத்து நான்கு வருஷம். பிறகு மாகாணத் தலைநகர் ரெஜைனாவில் யாரோ வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்தினார்கள். பாதி வடக்கே போயிற்று, பாதி தெற்கே போயிற்று, தொகுதி இல்லாமலே போயிற்று. ஊரின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு அந்தத் தொகுதியின் தேர்தல் வரலாற்றை எழுதித் தரும் வேலை, 1980 கோடையில், தோரா நெஸ்லன் தலையில் விழுந்தது. வேலையைக் கொடுத்த குழுப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததையும் அவள் பார்த்தாள்.

சிரிப்புக்குக் காரணம் 1948. அந்த வருஷம் அவள் புருஷன் ஹால்வர் தேர்தலில் நின்று இரண்டே ஓட்டில் தோற்றார். அது பரவாயில்லை. சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த ஏழாம் சாவடியில் மொத்தம் பதினோரு ஓட்டு. அதில் பத்து எதிராளி லோர்ன் மெக்காஸ்கிலுக்கு, ஒன்றே ஒன்று ஹால்வருக்கு. ஊரில் யாருக்கும் அவர்மேல் வெறுப்பில்லை. கதிரடிக்கும் இயந்திரம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஆளைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டு அறுப்புக்கு எங்கே போவது?

மறுநாள் காலையில் ஹால்வர் தானியக் கிடங்கு வாசலில் நின்று, அந்த ஒரு ஓட்டு தன்னுடையதுதான் என்று எல்லாரிடமும் சொன்னார். அதன்பிறகு அக்கம்பக்கத்தார் ஒன்பது பேரும் தனித்தனியாக வந்து, காதோடு காதாக, அந்த ஓட்டு தன்னுடையது என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு ஓட்டுக்குப் பத்துப் பேர் சொந்தம் கொண்டாடினார்கள். வாயே திறக்காதவள் தோரா மட்டும்தான். ஆகவே ஊர் முடிவு கட்டிவிட்டது: கட்டின பெண்டாட்டியே அவருக்குப் போடவில்லை.

அந்த ஓட்டு தோராவுடையது.

சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியானால் ஹால்வர் யாருக்குப் போட்டார் என்று அடுத்த கேள்வி வரும். தனக்கே போட்டுக்கொள்ளத் தெரியாத புருஷனை ஊர் நடுவே நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் தையல் வட்டத்திலும் கல்யாண வீட்டிலும் கிண்டலை விழுங்கினாள். வலித்தது. மெக்காஸ்கில் பெண்ணின் கல்யாணத்தில் ஒருத்தி, “தோரா, இந்தக் கேக்காவது உன் ஓட்டைப் பெறுமா?” என்று கேட்டது இன்னும் வலித்தது.

ஆவணக் காப்பகத்திலிருந்து சாவடிவாரியான கணக்கு ஒரு பழுப்பு உறையில் வந்தது. சமையலறை மேசையில் அதைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஹால்வருக்குக் காபி ஊற்றியபடியே படித்தாள். முதல் உறுப்பினர், ஆற்றில் பனிக்கட்டி உடைந்து எதிராளியின் வேட்புமனு வந்துசேராததால் ஜெயித்தவர். இரண்டாமவர் சபையில் ஒரே ஒருமுறை பேசினார், அதுவும் ஜன்னலைச் சாத்தச் சொல்லி. பிறகு 1948.

“மூணாம் சாவடி, மெக்காஸ்கில் ஊரு. அங்க உனக்கு சைபர்,” என்றாள்.

ஹால்வர் கோப்பையைக் கீழே வைத்தார். “சைபரா?”

“சைபர்.”

“நல்லாப் பாத்தியா? ஒண்ணுகூட இல்லையா?”

“உனக்கு அங்க யாரு போடுவா?”

“லோர்ன் போடறேன்னான். கை குடுத்தான் தோரா. அவன் சவப்பெட்டியை நான் முன்னால நின்னு தூக்கினேனே!”

தோரா கண்ணாடியைக் கழற்றினாள். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க இரண்டு வேட்பாளர்களும் ஹால்வரின் லாரியிலேயே ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய் ஒருவரை ஒருவர் திட்டிவிட்டு, ஒன்றாகத் திரும்புவார்கள். கடைசிக் கூட்டம் முடிந்து வரும்போது, தன் பெயருக்குத் தானே குறி போடுவது மரியாதைப்பட்ட மனுஷன் செய்கிற காரியமா என்று பேச்சு வந்தது. இல்லை என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். நான் உனக்கு, நீ எனக்கு என்று கை குலுக்கினார்கள். ஹால்வர் வாக்கைக் காப்பாற்றினார்.

அவள் பென்சிலால் போட்டுப் பார்த்தாள். மெக்காஸ்கிலும் காப்பாற்றியிருந்தால் இருவரும் சமம். சமமானால் தேர்தல் அதிகாரி ஒரு ஓட்டுப் போட்டுத் தீர்க்க வேண்டும். அந்த அதிகாரி தோராவின் சொந்த அண்ணன்.

“அப்போ அந்த ஒரு ஓட்டு உன்னோடது இல்லை,” என்றாள்.

“இல்லை. பக்கத்து வீட்டு எமிலோடது. அவன் சத்தியம் பண்ணினான். வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு அவனுக்கு வாத்து அனுப்பறோமே, பின்ன எதுக்குன்னு நெனச்சே?”

அந்த முப்பத்திரண்டு வாத்துக்கும் இறகு பிடுங்கியவள் தோரா. அவள் அவரையே பார்த்தாள். ஹால்வரின் முகம் மெதுவாக மாறியது.

“நீயா?”

“வேற யாரு?”

“ஒரு வார்த்தை சொல்லலையே.”

“நீ கிடங்கு வாசல்ல முந்திக்கிட்டியே.”

அவர் வெகுநேரம் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார். சர்க்கரை போடாத காபி. இதை மலரில் எழுதாதே, ஊரே சிரிக்கும் என்று கெஞ்சினார்.

“இத்தனை வருஷம் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. கொஞ்சம் உன்னைப் பாத்துச் சிரிக்கட்டும்,” என்றாள்.

இலையுதிர் காலத்தில் ஊரின் கர்லிங் விளையாட்டு அரங்கில் விருந்து வைத்து மலரை வெளியிட்டார்கள். தொகுதி வரலாற்றின் கடைசி வரி இதுதான்: ‘1948இல் ஏழாம் சாவடியில் திரு. நெஸ்லனுக்கு விழுந்த ஒரே ஓட்டு, அவர் மனைவி போட்டது.’ அந்த ஒன்பது பேரில் உயிரோடிருந்த ஐந்து பேரும் அதைப் படித்துவிட்டு உருளைக்கிழங்கு சாலட்டில் மும்முரமானார்கள். எமில் மூன்று முறை பரிமாறிக்கொண்டார்.

கிறிஸ்மஸுக்கு முதல்நாள் பகலில், வாசற்கதவை யாரோ தட்டினார்கள். அந்தப் பக்கத்தில் எல்லாரும் சமையலறை வழியாகத்தான் வருவார்கள்; வாசற்கதவைத் தட்டுகிறவர்கள் பாதிரியாரும் போலீசும்தான். தோரா கைகளைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தாள். ஹால்வர் நின்றார். ஸ்வெட்டர் முழுக்க இறகு. கையில், அரைகுறையாக இறகு பிடுங்கிய ஒரு கொழுத்த வாத்து.

“ஓட்டுப் போட்டதுக்கு,” என்றார்.

அவள் வாங்கிக்கொண்டாள். “இன்னொரு தடவை நில்லு. மறுபடியும் உனக்கே போடறேன்.”

“நிக்கறதுக்குத் தொகுதி எங்க இருக்கு?”

“அந்த தைரியத்துலதானே சொல்றேன்,” என்றாள் தோரா. “கால் பனியைத் தட்டிட்டு உள்ள வா.”