குண்டனுக்கு ஆயிரத்து இருநூற்று நான்கு

மூட்டை அடிக்கும் ஆட்டத்துக்கு மொத்தம் பத்து விநாடிதான். மேடையில் ஒரு மணல் மூட்டை நிற்கும், அதன் பக்கத்தில் ஒரு மட்டை கிடக்கும். பத்து விநாடிக்குள் மூட்டையை முடிந்த மட்டும் அடித்து நொறுக்கிவிட்டு, கடைசியில் மட்டையால் ஒரே வீச்சு. எவ்வளவுக்கு அடி வாங்கியிருக்கிறதோ அவ்வளவுக்கு மூட்டை பறக்கும். எத்தனை மீட்டரில் தரையைத் தொடுகிறதோ அதுதான் கணக்கு. ஒரு வீடியோ சண்டை விளையாட்டோடு கொசுறாக வந்த ஆட்டம் அது. ஊரே சண்டையை ஆடியது. என் தம்பிக்கு அதில் ஆசையே இல்லை.

"சும்மா நிக்கிற மூட்டையையே ஒழுங்கா அடிக்கத் தெரியல. இவனுங்க ஆளை அடிக்கக் கிளம்பிட்டானுங்க" என்பான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். அப்பாவும் அம்மாவும் போனபிறகு அந்த இரண்டறை வீட்டில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். இன்று நான் மட்டும் இருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

ஆட்டத்தில் நாம் எடுத்து ஆட இருபத்தாறு பேர் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு வழி. கத்திக்காரியை எடுத்தால் மூட்டையை நெருங்கவே கூடாது. கத்தியின் நுனி மட்டும் படும் தூரத்தில் நின்று கீற வேண்டும். தவளை நாக்கால் மூட்டையை இழுத்து இழுத்து விடும். இவர்களை வைத்து இரண்டாயிரம் மீட்டர் தாண்டியவர்கள் பலர் இருந்தார்கள். குண்டனை மட்டும் யாரும் தொடுவதில்லை. அவன் ஒரு குத்து விட்டுக் கையை மடக்குவதற்குள் ஒரு விநாடி போய்விடும். மட்டையைக் குனிந்து எடுக்க அரை விநாடி, ஓங்க இன்னும் ஒரு விநாடிக்கு மேல்.

குண்டனுக்கு இருந்த சாதனை ஆயிரத்து இருநூற்று நான்கு மீட்டர். அதை வைத்திருந்தவர் வேறொரு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவர். எல்லோருடைய சாதனைகளையும் சரிபார்த்துப் பட்டியலில் ஏற்றுகிறவரும் அவர்தான். நாங்கள் நேரில் பார்த்ததில்லை, போனில் குரல்தான். அவரைக் கண்ணாடிக்காரர் என்போம். அவர் தம்பியை "லிஃப்டு" என்றுதான் கூப்பிடுவார்.

தம்பிக்கு ஒரு யோசனை இருந்தது. ஆட்டம் தொடங்கியதும் மூட்டையை அடிக்காமல் முதலில் மட்டையை மேலே எறிந்துவிடுவது. அது காற்றில் இருக்கும்போது குண்டன் எம்பி மூட்டை மேல் உட்காருவான். நசுங்கிய மூட்டை துள்ளி எழும்போது, மேலிருந்து விழும் மட்டை அதன் தலையில் ஒரு அடி கொடுக்கும். அது இனாம். கடைசியில் மட்டையைக் குனிந்து எடுக்காமல் விழும்போதே பிடித்துக்கொண்டால் அரை விநாடி மிச்சம். அந்த அரை விநாடியில் இன்னொரு முறை உட்காரலாம்.

"லிஃப்டுல எடைக்கல்லு மாதிரிக்கா. ஒன்னு மேல போகும்போது ஒன்னு கீழ வரணும். ரெண்டும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"நீ ஒருத்தியப் பார்த்துக் கல்யாணம் பண்ணியிருந்தா எனக்கு இந்தக் கதையெல்லாம் கேக்க வேண்டியிருக்காது."

"அவளும் குண்டனை எடுக்கச் சொன்னா சண்டை வரும்."

எட்டு மாதம் பழகினான். ஏழாவது மாதம் வேலையிடத்தில் விழுந்தான். தலைக்குள் இடது பக்கம் ஒரு கட்டி என்றார்கள். அடுத்த வாரம் வீட்டில் ஒரு தடவை வலிப்பு வந்தது. அறுவைச் சிகிச்சைக்குத் திங்கட்கிழமை காலை நாள் குறித்தார்கள். உயிருக்குப் பெரிய பயமில்லை, ஆனால் வலது கை பழையபடி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் அவனிடமே நேராகச் சொன்னார். மினுக்குகிற திரைகளைப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னார். அதை என்னிடம் தனியாக இரண்டு தடவை சொன்னார்.

ஞாயிறு மதியம், மருத்துவமனைக்கு எடுத்துப்போக நான் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவன் வாசற்படியில் வந்து நின்றான்.

"அக்கா. அஞ்சு தடவை."

"முடியாது."

"நாளைக்கு இந்த நேரம் இந்தக் கை இருக்கும், நான் சொல்றதைக் கேக்காது. அஞ்சு தடவை போதும்."

"டாக்டர் சொன்னதை நீயும்தானே கேட்டே?"

"கேட்டேன். அவரு குண்டனை எடுத்து ஆடினதில்லை."

நான் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. கையை நீட்டிக் காட்டினான். சுண்டுவிரல் ஏற்கெனவே லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"மூணு" என்றேன். "நாலாவது கிடையாது. வாயைத் திறந்து கேக்கவே கூடாது."

சாதனை ஏற வேண்டுமென்றால் திரையும் ஆடுகிறவரின் கைகளும் ஒரே காட்சியில், வெட்டாமல், மூட்டை தரை தொட்டு எண் நிற்கும்வரை தெரிய வேண்டும். அது கண்ணாடிக்காரர் விதி. அச்சகத்திலிருந்து கொண்டுவந்திருந்த காகிதக் கட்டுகளை அலமாரி மேல் அடுக்கி, போனைச் சாய்த்து வைத்தேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். தம்பி கண்ணாடிக்காரருக்குப் போன் போட்டான்.

"என்ன லிஃப்டு, இன்னும் கிரவுண்டு ஃப்ளோர்லயே நிக்குதா?"

"கண்ணாடியை நல்லாத் தொடைச்சு வச்சிக்கோங்க சார். சாயந்திரம் ஒன்னு அனுப்புறேன்."

"போன மாசமும் இதைத்தான் சொன்னே. உன் குண்டன் மாடிப்படி ஏறுறதுக்குள்ள எனக்கு வயசாயிடும்பா."

"உங்களுக்கு ஆனதுக்கு என் குண்டன் மேல ஏன் பழி போடுறீங்க?"

அறுவையைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லக் கூடாது என்று என்னையும் கட்டிப்போட்டிருந்தான்.

முதல் தடவை மட்டையை எறிந்தான், உட்கார்ந்தான், இனாம் அடி விழுந்தது, மறுபடி உட்கார்ந்தான். எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. கடைசியில் மட்டையைப் பிடிக்கும்போது விரல் ஒரு துளி பிந்திவிட்டது. குண்டன் ஓங்கிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. மூட்டை காலடியில் உருண்டது. மூன்று மீட்டர்.

"இதையும் அனுப்பட்டுமாடா?" என்றேன்.

அவன் வலது கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டான்.

இரண்டாவது தடவை நான் மூச்சே விடவில்லை. பிடிப்பு சரியாக அமைந்தது, வீச்சும் சரி. ஆனால் நடுவில் ஓர் இனாம் அடி தவறியிருந்தது. மூட்டை ஆயிரத்து நூறைத் தாண்டியது, ஆயிரத்து நூற்று ஐம்பது, ஆயிரத்து நூற்று அறுபத்தாறில் பொத்தென்று உட்கார்ந்தது.

"வருதுக்கா" என்றான். நெற்றியெல்லாம் வியர்வை.

"கொஞ்சம் தண்ணி குடி. கண்ணை மூடி அஞ்சு நிமிஷம் உக்காரு."

உட்கார்ந்தான். முகம் ஒரு மாதிரி வெளுத்திருந்தது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். என்ன சொல்லி நிறுத்தலாம் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் கண்ணைத் திறந்து பொத்தானை அழுத்திவிட்டான்.

மூன்றாவது தடவை அவன் திரையைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. தலையைச் சாய்த்து, லிஃப்ட் குழிக்குள் மோட்டார் சத்தத்தைக் கேட்பவனைப் போல உட்கார்ந்திருந்தான். உதடுகள் மட்டும் எண்ணின. மட்டை ஏறியது, குண்டன் இறங்கினான், மூட்டை துள்ளியது, மட்டை விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. ஓர் அடியும் தவறவில்லை. கடைசி உட்காரலுக்கு நேரமே இல்லை என்று எனக்குத் தோன்றியது. உட்கார்ந்தான். காற்றிலேயே மட்டையைப் பிடித்தான். குண்டன் மெதுவாக, அவ்வளவு மெதுவாக ஓங்கினான். மணி அடிக்கவும் மட்டை படவும் ஒரே நேரம்.

மூட்டை போனது.

எண்கள் ஓட ஆரம்பித்தன. நானூறு, அறுநூறு. மூட்டை இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. எண்ணூறில்தான் உச்சிக்கு வந்து தலை சாய்த்தது.

"அக்கா, பாரு" என்றான். "பாரு, பாரு."

அந்தக் கடைசி 'பாரு' பாதியில் இழுபட்டு நின்றது. நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்தான். ஊர் லிஃப்டையெல்லாம் சரிசெய்கிறவன் வீட்டு வயரை டேப் சுற்றியே ஓட்டுவான். ஆட்டப் பெட்டிக்கு மின்சாரம் போகும் அந்த வயர் அவன் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

வேறு எந்த வீடாக இருந்தாலும் அக்கா ஓடிப்போய்த் தம்பியைத் தூக்கியிருப்பாள். எங்கள் வீட்டில் அது கிடையாது. அப்பா மின்கம்பம் ஏறிக் கம்பி இழுத்தவர். கூட வேலை பார்த்தவரைக் கைநீட்டித் தொட்டு இன்னொருவரும் போனதைக் கண்ணால் பார்த்தவர். யார் விழுந்தாலும் முதலில் மெயின், அப்புறம்தான் ஆள் என்று நாங்கள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து சொல்லி வளர்த்தார். வலிப்பு என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. வயரைப் பார்த்தேன், கரண்ட் என்று நினைத்தேன். தரையில் துடிக்கிறவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடைக்கு ஓடி மெயினை இறக்கினேன்.

திரும்பி வந்தபோது அறை இருட்டாக இருந்தது. அவன் துடித்துக்கொண்டுதான் இருந்தான். அப்போதுதான் புரிந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு என் மடியைக் கொடுத்தேன். அடங்கிய பிறகு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். மூட்டை தரை தொட்டால்தான் ஆட்டப் பெட்டி எண்ணைத் தனக்குள் எழுதிக்கொள்ளும் என்பது மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

போனில் எல்லாம் இருந்தது. அவன் கை, திரை, ஓடுகிற எண்கள், சரிகிற தோள். பிறகு கறுப்பு. கடைசியாகத் தெரிந்த எண் ஆயிரத்து எண்பத்தேழு. மூட்டை காற்றில் இருந்தது.

திங்கட்கிழமை அறுவை நடந்தது. பேச்சு பிழைத்தது, கை பிழைக்கவில்லை. அவன் மயக்கத்தில் இருந்த மூன்றாவது நாள், வராந்தாவில் இருந்தபடியே அந்தக் காட்சியைக் கறுப்பு வரும் இடம்வரை கண்ணாடிக்காரருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"அம்மா, அந்தக் கை... லிஃப்டுக்கு என்னம்மா ஆச்சு?"

சொன்னேன். 

"நான் வேற, மாடிப்படி அது இதுன்னு..."

"அவனுக்கு அதுதான் சார் பிடிக்கும். நான் உங்ககிட்டக் கேக்கணும்னு இருக்கேன். அது எங்க விழுந்திருக்கும்?"

"மறுபடி கூப்பிடுறேம்மா."

மறுநாள் கூப்பிட்டார். தன்னுடைய பழைய வீச்சுகளையெல்லாம் பக்கத்தில் வைத்து, எந்த உயரத்தில் எந்த எண் ஓடுகிறது என்று காட்சி காட்சியாகப் பார்த்தாராம்.

"ஆயிரத்து இருநூத்து முப்பது. ஒன்னு ரெண்டு கூடக் குறைய இருக்கலாம். என்னைத் தாண்டிட்டாம்மா, சந்தேகமே இல்லை. ஆனா பட்டியல்ல..."

"தரை தொடணும்."

"தரை தொடணும். எத்தனையோ பேருக்கு முடியாதுன்னு சொல்லியிருக்கேன். ஆனா நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, ஏத்திடுறேன். யாரும் கேக்க மாட்டாங்க."

"அவன் கேப்பான் சார்" என்றேன்.

பதினோராம் நாள் தம்பி கேட்டான். தலையில் கட்டு, வலது கை போர்வைக்கு மேல் யாருடையதோ போலக் கிடந்தது.

"எவ்வளவு போச்சு?"

நான்கு நாளாக ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

"தெரியலடா. பறந்துக்கிட்டு இருக்கும்போது நான் மெயினை இறக்கிட்டேன். கரண்டுன்னு நினைச்சிட்டேன்."

 நான் போனை எடுத்து அவன் முன் பிடித்தேன்.  ஒரு தடவை பார்த்தான். உதடுகள் எண்ணின. "இன்னொரு வாட்டி" என்றான். இரண்டாம் தடவை மூட்டை சரியத் தொடங்கும் இடத்தில் அவன் கண் ஒரு கணம் அகன்றது. அதை நான் பார்த்தேன். "இன்னும் ஒரு வாட்டி" என்றான். மூன்றாம் தடவை அவன் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆயிரத்து நூத்தித் தொண்ணூறு" என்றான். "பதினாலு மீட்டர் கம்மி. கடைசி வீச்சுல மட்டையோட அடிப்பக்கம் பட்டுடுச்சு. நீ மெயினைத் தொடாம இருந்திருந்தாலும் பட்டியல்ல வந்திருக்காது."

"நிஜமாவாடா?"

"குண்டனைப் பத்தி எனக்குத் தெரியாதாக்கா? போய் டீ குடிச்சிட்டு வா. மூஞ்சியப் பார்க்க முடியல."

வராந்தாவுக்கு வந்து கண்ணாடிக்காரருக்குப் போன் செய்தேன். தம்பி பார்த்துவிட்டான், ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு என்கிறான் என்றேன். அந்தப் பக்கம் கடைக் கதவு திறந்து மூடும் சத்தமும் யாரோ விலை கேட்கும் குரலும் வந்தன. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"லிஃப்டே சொல்லிட்டான்ல" என்றார். "அப்போ அதுதாம்மா. நான்தான் தப்பா எண்ணியிருப்பேன்."

ஐந்து வாரம் கழித்து இன்னொரு வலிப்பில் தம்பி போய்ச் சேர்ந்துவிட்டான். பட்டியலில் குண்டனுக்கு நேராக இன்றும் அதே ஆயிரத்து இருநூற்று நான்குதான் இருக்கிறது. யாரும் அதைத் தாண்டவில்லை. கண்ணாடிக்காரர் அதன்பிறகு குண்டனை எடுத்து ஆடுவதை விட்டுவிட்டார் என்று கேள்வி.