ஜான்ரோஸின் ஆனை

இரணியலில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஜான்ரோஸைக் கொல்ல வந்த ஆனை, வருசத்துக்கு வருசம் வளர்ந்துகொண்டே வந்தது. தெருவே கூடியிருந்து பார்த்த வளர்ச்சி அது.

இருபத்துநாலு வயதில், சபை வாலிபர் கூட்டத்தோடு உலக்கை அருவிக்குப் போன இடத்தில் அவர் ஒரு காட்டு மிருகத்திடமிருந்து தப்பினார். அதற்காக ஒவ்வொரு மே மாதமும் வீட்டில் ஸ்தோத்திர ஜெபக்கூட்டம். பாட்டு முடிந்து, சபைப் போதகர் ஐயர் ஜெபம் பண்ணி, மிக்சர் தட்டு வெளியே வருவதற்கு முன்னால் ஜான்ரோஸ் எழுந்து சாட்சி சொல்வார். முதல் வருசம் அது 'ஏதோ ஒரு மிருகம்'. மூன்றாம் வருசம் ஆனை. ஏழாம் வருசம் தந்தம் நீண்ட கொம்பன். பத்தாம் வருசத்தில் மழையும் இடியும் வந்து சேர்ந்தன, பாதை செங்குத்தாக நிமிர்ந்தது, அட்டைகள் பெருகின. பக்கத்து வீட்டு ஜெப்சிக்கு மொத்தமும் மனப்பாடம். எங்கே 'ஆமென்' போட வேண்டும் என்று மற்றவர்களுக்குக் கண் காட்டுவதே அவள்தான்.

இது இருபத்தைந்தாம் வருசம் என்பதால் பந்தல், பிரியாணி, இருநூறு பேருக்கு அழைப்பு. அந்த நேரம் பார்த்துத்தானா தங்கை ரெஜிலா மஸ்கட்டிலிருந்து வந்து இறங்க வேண்டும்? பள்ளி முடித்ததும் நர்ஸ் படிப்புக்கு வெளியூர் போய், பிறகு மஸ்கட்டில் வேலைக்குச் சேர்ந்த அவள் எப்போதும் கிறிஸ்துமசுக்குத்தான் லீவில் வருவாள். மே மாதத்துச் சாட்சியை அவள் கேட்டதே இல்லை. அன்றைக்கு அருவிக்குப் போன கூட்டத்திலோ அவளும் இருந்தாள், பதினாறு வயதில். மற்றவர்களெல்லாம் 'மிருகம்' என்ற கூச்சலைக் கேட்டதுமே வேனைப் பார்த்து ஓடிவிட்டார்கள். கண்ணால் கண்டவள் அவள் ஒருத்திதான்.

ஜான்ரோஸின் மனைவி ஜெபகனி ஆப்பத்தைத் தட்டில் வைத்தபடி பெருமையாக எடுத்துவிட்டாள். "ஒங்க அண்ணன அந்தக் கொம்பன் துதிக்கையால சுத்த வந்தத மட்டும் எட்டு நிமிசம் சொல்லுவாவ, கேட்டியா? மேலெல்லாம் புல்லரிக்கும்."

ஆப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த ரெஜிலா நிமிர்ந்தாள். "கொம்பனா மைனி?" ஜெபகனி மழை, இடி, செங்குத்துப் பாதை, நாற்பதடி உயர மரம் என்று மீதியையும் சொல்லி முடித்தாள்.

ஜான்ரோஸ் கட்டன்காப்பிக்குள் முகத்தைப் புதைத்தார்.

"அண்ணா, நாளைக்கு நாம ரெண்டு பேரும் உலக்கை அருவிக்குப் போவோம். எனக்கு அந்த எடத்த ஒருக்கா பாக்கணும்."

"எதுக்குட்டி? அந்த ஏத்தம் ஒனக்கு ஒத்துக்காது. அட்ட கடிக்கும். எனக்கும் முட்டுவலி."

"முட்டுக்குத் தைலம் கொண்டு வந்திருக்கேன். பெட்டியில ஆறு குப்பி கெடக்கு."

மறுநாள் காலை வண்டியை அடிவாரத்தில் விட்டுவிட்டு நடந்தார்கள். மரநிழலில் கல் பரவிய பாதை, பக்கத்திலேயே ஓடையின் சலசலப்பு. ரப்பர் செருப்புப் போட்ட ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு, சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்று போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டே அவர்களை முந்திப் போனாள்.

"செங்குத்து எங்க அண்ணா?"

"இன்னும் வரல்ல. பைய வா."

பத்து நிமிசம் போயிற்று. "இப்பம்?"

"முன்னால இருந்துது. பாத போடுகேன்னு இடிச்சு நெரப்பாக்கியிருப்பானுவ."

ரெஜிலா பாதைக் கல்லைச் செருப்பால் தட்டிப் பார்த்துவிட்டு நடந்தாள். ஜான்ரோஸ் பின்னாலேயே கணக்குப் போட்டுக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை பந்தலில் இவள் வாயைத் திறந்தால் முடிந்தது கதை. சின்னப் பயல்கூடக் கடைக்கு வந்து 'ஆனைக் கலர்ல பெயிண்ட் இருக்கா' என்று கேட்பான்.

திருப்பத்தில் அந்த மரம் நின்றது. சாட்சியில் நாற்பது அடி உயரத்தில் இருந்த கிளைக்கவை, ரெஜிலாவின் தோளுக்கு இருந்தது. அவள் அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

"இதுலயா ஏறியிருந்த?"

"அப்பம் ஒயரமா இருந்துது."

"மரம் வளரும் அண்ணா. குறுகாது."

முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது. ரெஜிலா அடிமரத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். ஜான்ரோஸ் முட்டுவலியை மறந்து குத்தவைத்துச் சிரித்தார்.

"செரி, சவத்த விடு. ஆனை இல்ல," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மிளா மானு. அதும் பெட்ட மிளா. மருந்துக்குக் கூட கொம்பு கெடையாது. அது நம்மளப் பாத்துப் பயந்து ஓடிச்சு, நீ அதப் பாத்துப் பயந்து ஏறின."

"ஞாயித்துக்கெழம மட்டும் வாயத் தொறக்காத மக்கா. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

ரெஜிலாவின் சிரிப்பு நின்றது. "எல்லாவனும் வேனுக்கு ஓடினான். நான் ஒரு சுள்ளியும் எடுத்துக்கிட்டு ஒன்னத் தேடித் திரும்பி வந்தேன். கண்ண இறுக்கி மூடிக்கிட்டு எறங்க மாட்டேன்னு இருந்த. காலு ரெண்டையும் புடிச்சு எறக்கினது நானாக்கும். சாட்சியில ஆனைய வச்ச, மழைய வச்ச, இடிய வச்ச. இருவத்தஞ்சு வருசத்துல என்னைய எங்கயாம் வச்சியா?"

ஜான்ரோஸ் சாட்சியை மனசுக்குள் தலையிலிருந்து வால்வரை ஓட்டிப் பார்த்தார். அட்டைக்குக்கூட அதில் இடம் இருந்தது. தங்கைக்கு இல்லை.

"வரியா, குளிப்போம்," என்று அவளே பேச்சை முறித்துவிட்டு முன்னால் நடந்தாள்.

அருவி தலையில் விழுந்ததும் மஸ்கட் நர்ஸம்மா போட்ட கூச்சலில் பக்கத்தில் குளித்தவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். ஜான்ரோஸ் ஒற்றைச் செருப்பை ஓடைக்குக் கொடுத்தார். ஈரத்துணியோடு பாறையில் உட்கார்ந்து இருவரும் ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வற்றலைத் தீர்த்தார்கள். சண்டை கடைசித் துண்டுக்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை பந்தல் நிரம்பியது. ஜான்ரோஸ் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"அது ஆனை இல்ல."

"ஆமென்!" என்றாள் ஜெப்சி பழக்கதோசத்தில். சொன்ன பிறகுதான் திடுக்கிட்டாள்.

ஜான்ரோஸ் நிறுத்தவில்லை. மிளாவைச் சொன்னார். தோளுயர மரத்தைச் சொன்னார். கண்ணை மூடியிருந்ததைச் சொன்னார். "அன்னைக்கு எல்லாரும் ஓடினாவ. கர்த்தர் எனக்காகத் திருப்பி அனுப்பினது என் தங்கச்சிய. ஒரு சுள்ளியும் கையில கொண்டு வந்தா. இத நான் மொத வருசமே சொல்லியிருக்கணும்."

பின்வரிசையில் ஒருத்தர் 'களுக்' என்றார். அவ்வளவுதான், பந்தலே குலுங்கியது. ஐயர் வேதப்புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். "இத்தன வருசமும் மிளாவுக்கா நான் மிக்சர் வறுத்தேன்?" என்று ஜெபகனி தலையில் கை வைத்தாலும், அவள் தோளும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

ரெஜிலாவும் இரண்டு வார்த்தை சொல்லட்டும் என்றார் ஐயர். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அண்ணனை ஒருதரம் பார்த்தாள்.

"அண்ணன் சொன்னது உள்ளதுதான். மிளாதான். ஆனா நீங்க நெனைக்கிய மாதிரி லேசுப்பட்ட மிளா இல்ல, பாத்துக்கிடுங்க." இரண்டு கையையும் விரித்தாள். போதாதென்று இன்னும் கொஞ்சம் விரித்தாள். "கொம்பு மட்டும் இம்புட்டு நீளம்!"

ஜான்ரோஸ் வாயைப் பிளந்தபடி தங்கையை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமென்!" என்றாள் ஜெப்சி, இந்தத் தடவை நிம்மதியாக.