ஒரு தலையாட்டல்

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அண்ணனின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் பைக் வந்து நின்றது. மோலி திரும்பிப் பார்க்கவில்லை. ஃபாதரைப் போன் செய்து வரச்சொன்னது அண்ணனின் மகள் ஷாரன்தான். பெங்களூரிலிருந்து முந்தின நாள் இரவுதான் வந்திருந்தாள்.

அண்ணன் மதலைமுத்துவை ஆஸ்பத்திரியிலிருந்து மண்டி மொஹல்லா வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாளாகிறது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அன்று விடிந்ததிலிருந்து நினைவில்லை. மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது.

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தெட்டு வருடமாகக் கோயிலுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. ஆனால் வாசல்வரை வராத ஞாயிறும் இல்லை. பள்ளியில் டீச்சராக இருந்த மோலிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கால் சரியில்லை. அவளை ஸ்கூட்டரில் பூசைக்குக் கூட்டிப்போவது அண்ணன்தான். வீட்டிலிருந்து கிளம்பும்போதே வாதம் ஆரம்பித்துவிடும். நோவாவின் பேழையில் அத்தனை மிருகத்துக்கும் தீனி எங்கே வைத்தார்கள் என்பார். உலகம் தானாக வந்ததென்றால் உன் ஸ்கூட்டரும் தானாக வந்ததா என்பாள் அவள். கோயில் கேட்டில் பேச்சை நிறுத்திவிட்டு அவளைக் கைத்தாங்கலாக இறக்கிவிடுவார். பூசை முடியும்வரை வெளியே பேப்பர் படிப்பார். திரும்பும்போது விட்ட வாக்கியத்திலிருந்தே தொடங்குவார். அவளுடைய செபமாலையைக் கேலி செய்த ஒர்க்‌ஷாப் நண்பனிடம் ஒருமுறை, "அவகிட்ட நான் பேசுவேன், நீ பேசாதே" என்று சொல்லிவிட்டார். அந்த நண்பன் அதற்குப் பிறகு அந்த வீட்டில் மதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இத்தனை வருடத்தில் ஒருவர் சொன்னது இன்னொருவரை ஓர் அங்குலம் அசைக்கவில்லை. ஏன் என்று மோலிக்குத் தெரியும். அவர்கள் பேசாத பேச்சு ஒன்று இருந்தது. அண்ணனின் மூத்த பையன் டேவிஸ் ஐந்து வயதில் மூளைக்காய்ச்சலில் போனான். அன்று ஆஸ்பத்திரி வராண்டாவில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் முழங்காலில் இருந்தார்கள். செய்தி வந்ததும் அண்ணன் எழுந்துவிட்டார். பிறகு அவர் முழங்கால் போடவே இல்லை. மோலியால் எழுந்திருக்கவே முடியவில்லை. அன்று அவளைத் தாங்கிப் பிடித்தது எதுவோ, அதைத்தான் இன்றுவரை அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பேழையைப் பற்றியும் பாப்பரசர்களைப் பற்றியும் மணிக்கணக்கில் சண்டை போட்டவர்கள் டேவிஸின் பெயரை ஒருமுறையும் இழுத்ததில்லை.

ஃபாதர் உள்ளே வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். வயதில் சின்னவர். சாகக்கிடப்பவர்களுக்குப் பூசும் தைலம் இருந்த சிமிழைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஆனால் திறக்கவில்லை.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நினைவு இருக்கிறப்போ பூசச் சொல்லி அவர் கேட்டாரா? வாயால வேணாம். ஒரு தலையாட்டல் இருந்தாக்கூடப் போதும்."

ஷாரன் அத்தையின் தோளைத் தொட்டாள். நேற்று மத்தியானம் அண்ணனோடு தனியாக இருந்தது மோலி மட்டும்தான் என்று அவளுக்குத் தெரியும்.

நேற்று அண்ணன் கண் திறந்து, இன்றைக்குக் கேள்வி ஒன்றும் இல்லையா என்று கேட்டார். அவளுக்கு வாதம் வரவில்லை. பயமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். அவர் பொய் சொல்லாமல், கொஞ்சம் யோசித்து, இல்லை என்றார். பிறகு, "உனக்கு?" என்றார்.

"உன்னை நெனச்சாத்தான் இருக்கு."

அவர் அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

மோட்சத்தில் அண்ணனைத் திரும்பப் பார்ப்போமா என்பது மோலிக்கு வெறும் பேச்சு அல்ல. ஒவ்வொரு இரவும் அவள் அழுது கேட்டது அதைத்தான். இப்போது அவள் ஆமாம் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். கட்டிலில் கிடக்கிறவராலும் முடியாது.

"இல்ல ஃபாதர். கேக்கல."

ஃபாதர் சிமிழைப் பையில் போட்டுக்கொண்டு, தான் மனசுக்குள் வேண்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். அது உங்கள் விருப்பம் என்றாள். அவர் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

ஷாரன் சமையலறைக்குப் போய்விட்டாள். மோலி பின்னால் போனபோது அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். "ஒரு வார்த்தைதானே அத்தே? எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?"

"நல்லா இருக்கிறப்போ அண்ணன்கிட்ட என்னால ஜெயிக்க முடியல. பதில் சொல்ல முடியாம கிடக்கிறப்போ ஜெயிக்கிறதாம்மா?"

நாலரை மணிக்கு மூச்சு நின்றது. உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க அவர் எழுதி வைத்திருந்தார். சாட்சிக் கையெழுத்து மோலியுடையது. திட்டிக்கொண்டே போட்ட கையெழுத்து. தன் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வைக்க முடியாதா என்று ஷாரன் ஒருமுறை கேட்டாள். பிறகு அவளே கல்லூரிக்குப் போன் செய்தாள்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் செபமாலையோடு வந்து உட்கார்ந்து, டீச்சர் தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். மோலி தொடங்கவில்லை. செபமில்லாத சாவு வீட்டில் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு பெண் எழுந்துபோய் எல்லாருக்கும் காபி போட்டாள்.

ஆறு மணிக்கு வேன் வந்தது. மோலி உடலுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். எதிர்ப்புறம் ஷாரன் ஏறினாள். சிக்னலில் வண்டி நின்றபோது மோலியின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்ட டிரைவர் ரேடியோவை நிறுத்தக் கை நீட்டினார்.

"பரவால்ல, ஓடட்டும்" என்றாள் மோலி.

ரேடியோவில் ஏதோ புடவைக் கடை விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. வண்டி கிளம்பிய குலுக்கலில் வெள்ளைத் துணி நழுவி, மதலைமுத்துவின் ஒரு பாதம் வெளியே தெரிந்தது. ஷாரன் குனிந்து அதை மூடினாள். மூடிய பிறகும் கையை எடுக்கவில்லை.